விளிம்பில்லாப் பலகை

திருவண்ணாமலையின் தலவரலாறு ஒரு போட்டியில் தொடங்குகிறது. தம்மில் யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் வழக்கிட்டார்கள். இருவருக்கும் நடுவே சிவன் ஒரு தீத்தூணாய் எழுந்தான். அதன் முனையைக் கண்டு வருபவரே பெரியவர் என்று ஏற்று, பிரமன் அன்னமாகி மேலே பறந்தான். திருமால் பன்றியாகி மண்ணைக் கிளறிக் கீழே இறங்கினான். முடியும் தென்படவில்லை, அடியும் அகப்படவில்லை. செருக்கு அடங்கிய கதை என்றே இதைப் பெரும்பாலும் சொல்லிவருகிறோம். அது சரிதான், ஆனால் அந்த விளக்கத்துக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. செருக்கை அடக்குவதற்கு ஒருவர் தோற்றால் போதும். வென்றவரின் செருக்கை அடுத்த போட்டி அடக்கும். தேவரும் அசுரரும் மாறி மாறி வென்றும் தோற்றும் நகரும் புராணக் கதைகள் எத்தனையோ உண்டு. இங்கே மட்டும் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் தம் முழு வலிமையோடும் புறப்பட்டு, இருவருமே வெறுங்கையோடு நிற்கிறார்கள். ஏன் இந்தப் போட்டி முடிவுக்கு வரவே இல்லை? தேடப்பட்ட பொருளுக்கு விளிம்பு இல்லை, அதனால் வெற்றிக்கும் அங்கே இடமில்லை என்பதே என் விடை. வெற்றி தோல்வி என்பவை போட்டியிடுபவரின் வலிமையிலிருந்து மட்டும் பிறப்பவை அல்ல. எங்கோ ஓர் எல்லைக்கோடு இருப்பதால் பிறப்பவை. ஆகவே கடவுளைப் பற்றிய காரியத்தில் வென்றதாகச் சொல்ல விரும்புகிறவர் முதலில் ஓர் எல்லையைப் புனைந்தாக வேண்டும். அந்தப் புனைவின் பெயர்தான் பொய்.

சமயக் கருத்தை ஆட்டப் பலகையின் துணையோடு யோசிப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் நல்வினை ஏணியாகவும் தீவினை பாம்பாகவும் நிற்கின்றன. கடைசிக் கட்டம் வீடுபேறு. வினைக் கொள்கை முழுவதும் ஒரு படத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கே தாயக்கட்டை சொன்னபடிதான் காய் நகரும். ஆடுபவர் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. கோயில் மண்டபங்களின் கல்தளங்களில் கீறிவைக்கப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தில் தேர்வு உண்டு. ஆனால் அங்கே ஒரு பக்கம் கொன்று வெல்கிறது, மறுபக்கம் வளைத்து வெல்கிறது. இரு தரப்பின் இலக்கும் வேறு. எல்லோராக் குகைச் சிற்பங்களில் சிவனும் உமையும் ஆடும் சூதும் தாயக்கட்டையை நம்பியதே. நம் கேள்விக்குத் தேவைப்படும் ஆட்டம் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் தற்செயல் கூடாது, கொலை கூடாது, மறைவு கூடாது. இருவர் இருக்க வேண்டும். ஒரு விளிம்பை எதிர் விளிம்போடு இணைப்பது ஒன்றே இருவரின் வேலையாக இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆட்டம் இருபதாம் நூற்றாண்டில்தான் உருவானது. அதன் பெயர் ஹெக்ஸ்.

டென்மார்க்கைச் சேர்ந்த கணித ஆர்வலரும் கவிஞருமான பீட் ஹெய்ன் 1942ஆம் ஆண்டில் கோபன்ஹேகனின் ‘பொலிட்டிகன்’ நாளிதழில் அந்த ஆட்டத்தை வெளியிட்டார். அதை அறியாமலேயே 1948 வாக்கில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் நாஷ் அதே ஆட்டத்தைக் கண்டடைந்தார். 1952இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதற்கு ஹெக்ஸ் என்று பெயர் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. விதிகள் மிகச் சில. சாய்சதுர வடிவில் அறுகோணக் கட்டங்கள் அடுக்கிய பலகை. பக்கத்துக்குப் பதினொரு கட்டங்கள் என்பது பரவலான அளவு. எதிரெதிரான இரண்டு விளிம்புகள் சிவப்புக்காரருடையவை, மற்ற இரண்டும் நீலக்காரருடையவை. ஒருவர் மாற்றி ஒருவர் காலிக் கட்டம் ஒன்றில் தம் நிறக் காயை வைக்க வேண்டும். வைத்த காயை நகர்த்தக் கூடாது, எடுக்கவும் கூடாது. தம் இரு விளிம்புகளையும் அறுபடாத காய்ச் சங்கிலியால் இணைப்பவர் வென்றார். இந்த ஆட்டத்தில் சமன் என்ற முடிவே கிடையாது. பலகை முழுதும் நிரம்பிவிட்டால் இருவரில் சரியாக ஒருவர் இணைத்திருப்பார். ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை அணை நின்றால் நீர் கடக்காது, நீர் கடந்துவிட்டால் எங்கோ அணை உடைந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது நிலை ஒன்று இல்லை. எதிராளியைத் தடுக்கும் ஒரே வழி நாம் இணைத்துவிடுவதுதான், ஆகவே இந்த ஆட்டத்தில் காப்பும் தாக்குதலும் ஒன்றாகிவிடுகின்றன. எளிமையாகத் தெரியும் இந்த உண்மைக்கு ஆழம் அதிகம். ஹெக்ஸில் சமன் இல்லை என்ற கூற்றும் இடவியலில் புகழ்பெற்ற பிரௌவரின் நிலைப்புள்ளித் தேற்றமும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறத்தக்கவை என்று டேவிட் கேல் 1979இல் காட்டினார்.

சமன் இல்லை என்பதிலிருந்து நாஷ் இன்னொன்றையும் வருவித்தார். இரண்டாவதாக ஆடுபவரிடம் உறுதியாக வெல்லும் வழி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு, தம்மையே இரண்டாமவராகப் பாவித்து அந்த வழியைத் தமதாக்கிக்கொள்ளலாம். கையில் கூடுதலாக இருக்கும் காய் இந்த ஆட்டத்தில் ஒருபோதும் கெடுதல் செய்யாது. அப்படியானால் இருவருமே வெல்ல வேண்டும், அது நடவாது. ஆகவே பிழையின்றி ஆடினால் முதலாமவருக்கே வெற்றி. எப்படி ஆட வேண்டும் என்று இந்த நிரூபணம் சொல்வதில்லை. வழி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் உறுதிசெய்கிறது. முதலாமவரின் இந்தச் சாதகத்தைச் சமப்படுத்த, முதல் காய் வைக்கப்பட்டதும் இரண்டாமவர் விரும்பினால் பக்கம் மாறிக்கொள்ளலாம் என்ற விதியை ஆடுபவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். விதிகளை வேறு வகைகளில் மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். ஒய் என்ற ஆட்டத்தில் முக்கோணப் பலகையின் மூன்று பக்கங்களையும் ஒரே சங்கிலியால் தொட வேண்டும். அங்கும் சமன் இல்லை. ஹெக்ஸையே தலைகீழாக்கி, இணைப்பவர் தோற்றார் என்று வைத்தும் ஆடுகிறார்கள். அங்கும் யாரேனும் ஒருவர் இணைத்தே தீர வேண்டியிருக்கிறது. அந்த வகையில் ஒரு பக்கத்தின் கட்டங்கள் இரட்டைப்படையாக இருந்தால் முதலாமவரும் ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டாமவரும் வெல்ல முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள். வெற்றியைத் தோல்வி என்று பெயர் மாற்றினாலும் தீர்ப்பு ஒன்று தவறாமல் வருகிறது. இத்தனை மாற்றங்களுக்கும் இடையே மாற்றப்படாமல் நிற்பது ஒன்றே. பலகைக்கு விளிம்பு இருக்கிறது.

அந்த விளிம்பை நீக்கினால் என்ன ஆகும்? கணித அறிஞர்களான ஜோயல் டேவிட் ஹாம்கின்ஸும் டேவிடே லியோனெஸ்ஸாவும் 2022இல் இதை ஆராய்ந்தார்கள். அறுகோணக் கட்டங்கள் எல்லாத் திசையிலும் முடிவின்றிப் பரந்திருக்கும் பலகை. ஒருவர் இடமிருந்து வலமாக முடிவில்லாமல் நீளும் சங்கிலியை அமைக்க முயல்கிறார், மற்றவர் மேலிருந்து கீழாக. விதிகள் பழையவையே. முடிவு முற்றிலும் வேறு. முடிவில்லாப் பலகையில் ஹெக்ஸ் சமனாகவே முடியும். மற்றவர் எவ்வளவு திறமையாக ஆடினாலும் அவரை வெல்லவிடாமல் தடுக்கும் வழி இருவரிடமும் உண்டு என்று அவர்கள் நிறுவினார்கள். முதலாமவரின் சாதகம் அங்கே வெற்றியைத் தரவில்லை. அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. என் வாதத்துக்கு அது மேலும் முக்கியம். முடிவில்லாப் பலகையில் ஒருவர் முடிவுள்ள எண்ணிக்கையிலான காய்களை வைத்து வெற்றியைக் கட்டாயப்படுத்தக்கூடிய நிலை எங்கேனும் அமைந்தால், அந்த வெற்றி பலகையின் முடிவுள்ள ஒரு பகுதியை மட்டுமே சார்ந்திருக்கும். அந்தப் பகுதிக்கு வெளியே பரந்து கிடக்கும் எல்லையின்மை அந்த வெற்றியில் பங்கேற்பதே இல்லை. வெல்கிறவர் முடிவின்மையை வெல்வதில்லை. அதற்குள் தாம் வேலியிட்டுக்கொண்ட ஒரு துண்டை வெல்கிறார்.

இந்த வெளிச்சத்தில் அண்ணாமலைக் கதைக்குத் திரும்புவோம். பிரமனும் திருமாலும் ஏற்றுக்கொண்ட போட்டி விளிம்பைத் தொடும் போட்டி. தூணுக்கு மேல் முனையும் கீழ் முனையும் இருக்கின்றன என்று இருவரும் கேளாமலே நம்பினார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் போட்டியே தொடங்கியிருக்காது. அவர்களின் செருக்குகூட அந்த நம்பிக்கையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. எதிரே நிற்பது அளக்கத்தக்க பொருள் என்று எண்ணியவருக்குத்தான் தம்மையும் அதையும் ஒப்பிடத் தோன்றும். பறந்து களைத்த பிறகு இருவரின் வழிகளும் பிரிகின்றன. திருமால் காணவில்லை என்று உண்மையை ஒப்புக்கொள்கிறான். பிரமனோ முடியிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சியாக்கி, முடியைக் கண்டேன் என்கிறான். இந்தப் பொய்யின் இயல்பைக் கவனிக்க வேண்டும். தன் வலிமையைப் பற்றி அவன் பொய் சொல்லவில்லை, திருமாலைப் பற்றியும் சொல்லவில்லை. இல்லாத விளிம்பு ஒன்று இருப்பதாகச் சொன்னான். வெல்வதற்கு அவனுக்கு அது ஒன்றுதான் தேவைப்பட்டது. எல்லையற்றதன் முன்னால் நின்று வெற்றியைக் கோருகிறவர் எவருக்கும் வேறு வழியில்லை என்பதைக் கதை இவ்வளவு நுட்பமாகச் சொல்லிவிடுகிறது. அந்தப் பொய்க்காகத்தான் பிரமனுக்குக் கோயில் வழிபாடு இல்லாமல் போயிற்று என்றும், தாழம்பூ சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது என்றும் மரபு சொல்கிறது. தேடிக் காணாததற்குத் தண்டனை இல்லை. அளந்துவிட்டேன் என்றதற்குத்தான் தண்டனை.

தேவார ஆசிரியர்கள் இந்தக் கதையைக் கையாண்ட விதமும் இதையே உறுதிசெய்கிறது. சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாடலில் இராவணனும் ஒன்பதாம் பாடலில் மாலும் அயனும் வருகிறார்கள். மலையைப் பெயர்க்க முயன்றவனையும் மலைபோல் நின்ற தீயை அளக்க முயன்றவர்களையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். இராவணன் சிவனின் விரலால் அழுத்தப்பட்டு, அலறி, பின்பு பாடி அருள் பெறுகிறான். வலிமை தோற்ற இடத்தில் பாட்டு இணைக்கிறது. அப்பரின் இலிங்கபுராணத் திருக்குறுந்தொகை இன்னும் தெளிவானது. அந்தப் பதிகம் அடிமுடி தேடிய கதையைப் பற்றியது. ஆனால் அந்த இருவரும் ஏன் காணவில்லை என்பதற்கு அப்பர் சொல்லும் காரணம் வியப்பானது. அவர்கள் போதிய தொலைவு போகவில்லை என்றோ வலிமை குறைந்தவர்கள் என்றோ அவர் சொல்லவில்லை. பூப்பறித்து இடவில்லை, திருமேனியை நீராட்டவில்லை என்று எந்த ஊரிலும் எந்த அடியாரும் செய்யக்கூடிய எளிய தொண்டுகளைப் பாட்டுக்குப் பாட்டு அடுக்கி, இவற்றைச் செய்யாமல் காண முயன்றார்கள் என்கிறார். எங்கும் தேடி அலைந்தவர்களுக்கு அவன் இங்கே இருக்கிறேன் என்று இலிங்கத்தில் தோன்றினான் என்ற கருத்தோடு பதிகம் முடிகிறது. எட்டாத தொலைவில் இருந்ததால் காணாமல் போகவில்லை; தொலைவு என்று எண்ணியதால் காணாமல் போனது. பூவிடுவதற்கு விளிம்பு தேவையில்லை, எதிராளியும் தேவையில்லை.

மலையின் மேற்குப் புறத்தில் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில்தான் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினார் என்பது வழக்கு. அவருக்கு அங்கே கோயிலும் உண்டு. இருபது பாடல்கள் கொண்ட அந்தப் பதிகம் தொடக்கத்திலேயே முதலும் முடிவும் அற்ற சோதியைப் பேசுகிறது. ஐந்தாம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. அந்த இரு தேவர்க்கும் எட்டாத மலையைத் தங்களுக்குத் தெரியும் என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, விடிந்தும் எழாமல் உறங்கும் பெண்ணைத் தோழியர் கடிகிறார்கள். அவள் செய்தது சிறு குற்றமாகத் தோன்றலாம். ஆனால் அது பிரமன் செய்த குற்றத்தின் அதே வகை. அறியப்படாததை அறிந்தேன் என்பது அன்பின் மொழியில் சொல்லப்பட்டாலும் தாழம்பூச் சாட்சிதான். பதினெட்டாம் பாட்டு அண்ணாமலையானின் திருவடியைப் பேசுகிறது. அங்கே அந்த அடி தேடிக் கண்டுபிடிக்கும் முனையாக வருவதில்லை, வணங்கும் இடமாக வருகிறது. இந்தப் பாடல்களில் தேடுவோர் ஒருவரை ஒருவர் முந்துவதில்லை. ஒருத்தி மற்றொருத்தியை எழுப்புகிறாள். எழுந்தவள் அடுத்தவளின் வாசலுக்குப் போகிறாள். இரு தேவரின் போட்டி நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே தலத்தோடு மரபு இந்தப் பாடல்களை இணைத்திருப்பதில் பொருள் இருக்கிறது.

என் வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு வரலாறு சார்ந்தது. இந்தக் கதை சிவனே பெரியவன் என்று நாட்டச் சைவர்கள் சொன்னது. போட்டியே இல்லை என்று சொல்லும் கதையாக இதை வாசிப்பது அதன் சண்டையை மறைப்பதாகும் என்று ஒருவர் சொல்லலாம். கதைக்குள் சமயச் சண்டை இருப்பதை மறுக்க முடியாது. வைணவர்கள் இதை ஏற்பதும் இல்லை. ஆனால் ஆழ்வார் பாடல்களைப் பார்த்தால் அங்கே திருமால்தான் அயனாலும் அரனாலும் அளந்தறிய முடியாதவன். மூவடியால் உலகம் அளந்தவனை அளக்க ஆளில்லை. பெயர்கள் இடம் மாறுகின்றன. வாதத்தின் அமைப்பு மாறவில்லை. பெரியது எது என்று காட்ட இரு மரபுகளும் ஒப்பீட்டையே கைவிட வேண்டியிருக்கிறது. ஒருவனை மற்றவனைவிட இத்தனை மடங்கு பெரியவன் என்று எந்தக் கவியும் பாடவில்லை, அளக்க முடியாதவன் என்றே பாடுகிறார்கள். அளக்க முடியாதது என்று சொன்ன கணமே யார் பெரியவர் என்ற கேள்வி பொருளிழந்துவிடுகிறது. சைவ சித்தாந்தமும் பதி என்னும் இறைவனைப் பசுக்கள் என்னும் உயிர்களின் வரிசையில் முதலிடத்தில் நிறுத்துவதில்லை. அந்த வரிசைக்கே அப்பாற்பட்டதாகச் சொல்கிறது. சண்டைக்காகக் கதை சொன்னவர்களும் கதையின் தர்க்கத்திடம் அகப்பட்டுக்கொண்டார்கள் என்பதே என் வாசிப்பு.

இரண்டாவது மறுப்பு ஆட்டம் அறிந்தவரிடமிருந்து வரும். சதுரங்கப் பலகைக்கு விளிம்பு உண்டு, அங்கே சமனும் உண்டு. மறுபுறம், நான்கு காய்களை ஒரே வரிசையில் அடுக்கும் ஆட்டத்தை விளிம்பே இல்லாத பலகையில் ஆடினாலும் முதலாமவர் வெல்ல முடியும். ஆகவே விளிம்புக்கும் வெற்றிக்கும் நான் சொல்லும் உறவு தவறு என்று அவர் சொல்லலாம். முதல் எடுத்துக்காட்டு என் வாதத்தைத் தொடுவதில்லை. விளிம்பு இருந்தால் தீர்ப்பு வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. எல்லை ஒன்றும் இல்லாமல் தீர்ப்பு வராது என்கிறேன். இரண்டாவது எடுத்துக்காட்டு என் வாதத்தைக் கூர்மையாக்குகிறது. அங்கே பலகைக்கு எல்லை இல்லை, ஆனால் இலக்குக்கு எல்லை உண்டு. நான்கு என்பது ஒரு விளிம்புதான். அதுபோலவே பிரமனும் திருமாலும் யார் முதலில் நூறு காதம் போகிறார் என்று போட்டியிட்டிருந்தால் ஒருவர் வென்றிருப்பார். அவர்கள் அதற்கு உடன்படவில்லை, முழுமையை அளக்க விரும்பினார்கள். ஆகவே என் கூற்றைத் திருத்தமாக இப்படிச் சொல்லலாம். வெற்றிக்குக் களத்திலோ இலக்கிலோ ஓர் எல்லை வேண்டும். களமும் இலக்கும் ஒன்றாகி, அந்த ஒன்று எல்லையற்றதாகவும் இருக்கும்போது வெற்றி என்ற சொல் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. சமயம் பேசும் இறுதிப் பொருள் அத்தகையது.

மூன்றாவது மறுப்பு மெய்யியலாருடையது, நியாயமானதும்கூட. கணிதத்தின் முடிவின்மை கட்டங்களின் முடிவின்மை; ஒன்றுக்குப் பின் ஒன்றாக எண்ணிக்கொண்டே போகலாம். கடவுளின் எல்லையின்மை அத்தகைய நீளம் அல்ல. நீண்டுகொண்டே போகும் தூணை வணங்குவது பெரிய அளவை வணங்குவதாகும், அளவுக்கு அப்பாற்பட்டதை வணங்குவதாகாது. இதை அப்படியே ஏற்கிறேன். ஆட்டத்தைக் கொண்டு கடவுளை நிரூபிக்க முடியாது; நான் அதற்கு முயலவும் இல்லை. ஆனால் தூணை நீளம் என்று எடுத்துக்கொண்டவர்கள் அந்த இருவர். கதை அவர்களின் எடுகோளை ஏற்று, அதன்படியே அவர்களைப் பறக்கவும் தோண்டவும் விட்டு, அந்த எடுகோள் எங்கே உடைகிறது என்று காட்டுகிறது. வெறும் நீளத்தின் முடிவின்மை முன்னாலேயே போட்டி தீராமல் போகிறது என்றால், அளவுகளையே கடந்ததன் முன்னால் போட்டிக்கு என்ன இடம் இருக்கும்? சிறிய முடிவின்மையில் செல்லாதது பெரியதில் செல்லும் என்று சொல்ல ஒருவர் தனியாக வாதிட வேண்டியிருக்கும். ஆட்டத்தின் பயன் இவ்வளவே. கதை உருவகமாகச் சொல்வதன் எலும்பை அது தெளிவாக்குகிறது.

இன்னொருவர் மலையையே சுட்டிக்காட்டலாம். அண்ணாமலை ஏறக்குறைய 2,668 அடி உயரம் கொண்டது. அதற்கு உச்சி உண்டு. கார்த்திகை தீபத்தன்று கொப்பரையும் நெய்யும் திரியும் அங்கே போகின்றன. முடி காணப்படாத பொருளின் முடியில் ஆண்டுதோறும் மனிதர்கள் ஏறி நிற்கிறார்களே என்று கேட்கலாம். மரபு இதை மறைக்கவில்லை. தீயாய் நின்றது காண்பவர் தாங்கும்படி மலையாய்க் குளிர்ந்தது என்றே தலபுராணம் சொல்கிறது. எல்லையுள்ளவர்களோடு உறவுகொள்ள எல்லையற்றது எல்லைக்குள் வந்து நிற்பது அருள். அதை அளந்துவிட்டதாக எண்ணுவது நம் பிழை. தீபத் திருநாளின் அமைப்பே இந்தப் பிழையைத் தடுக்கிறது. மலையின் உச்சி எங்கே முடிகிறதோ அங்கேதான் சுடர் தொடங்குகிறது. கல்லின் விளிம்பைத் தீ அழித்துவிடுகிறது. அதே வேளையில் கீழே கோயிலில் அர்த்தநாரீசுவரர் சிறிது நேரம் வெளியே வந்து காட்சி தருகிறார். இருவரில் ஒருவர் பெரியவர் என்ற வழக்கில் தோன்றிய தலத்தின் தலையாய திருநாளில் காட்டப்படும் உருவம், இருவர் ஒருவராக நிற்கும் உருவம்.

கடைசி மறுப்பே கனமானது. வெல்லவும் முடியாது, அடையவும் முடியாது என்றால் ஆன்மிக முயற்சிக்குப் பொருள் என்ன? இது சோம்பலுக்குச் சொல்லும் சமாதானம் ஆகிவிடாதா? இதற்கு அண்ணாமலை தரும் பதில் கிரிவலம். மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டர் பாதை. நடப்பது கடினமான உழைப்பு. ஆனால் அந்த உழைப்பின் விதிகள் போட்டியை நுழையவிடுவதில்லை. நிறைமாதக் கர்ப்பிணியைப் போல மெல்ல நடக்க வேண்டும் என்பது வழக்கு. விரைவுக்கு அங்கே மதிப்பில்லை. மலையை ஒட்டிய பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு விட்டு இடப்பக்கமாக நடக்கச் சொல்கிறார்கள். வழியில் யாரையும் முந்துவது நோக்கமாகவே இருக்க முடியாது. தொடங்கிய இடத்திலேயே முடியும் பாதைக்கு எதிர் விளிம்பு இல்லை. ஹெக்ஸ் குடும்பத்தில் ஹவான்னா என்று ஓர் ஆட்டம் உண்டு. நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஃப்ரீலிங் உருவாக்கியது. அங்கே மூலைகளையோ பக்கங்களையோ இணைத்து வெல்லலாம். எந்த விளிம்பையும் தொடாமல், காய்களை மூடிய வளையமாக அமைத்தும் வெல்லலாம். அதுவும் எதிராளியோடு ஆடும் ஆட்டம்தான், ஆகவே கிரிவலத்தை அதற்கு ஒப்பிட முடியாது. ஆனால் இணைப்பு என்பது விளிம்பிலிருந்து விளிம்புக்குப் போவது மட்டுமே என்ற எண்ணம் தவறு என்பதை அந்த விதி காட்டுகிறது. நடுவில் இருப்பதைக் கைப்பற்றாமல், அதைச் சூழ்ந்து, அதற்கு முகம் திருப்பாமல் இருப்பதும் இணைப்புதான்.

சிவன் கோயில்களில் சோழர் காலத்திலிருந்து, தீத்தூணாய் நின்ற சிவனின் உருவமான இலிங்கோத்பவருக்குரிய இடம் கருவறையின் மேற்குக் கோட்டம். மேலே அன்னம், கீழே பன்றி, இரண்டுக்கும் எட்டாத தூண். நேரே உள்ளே போய்த் திரும்புகிறவர் அந்த உருவத்தைக் காண்பதில்லை. வலம் வருகிறவரே காண்கிறார். மலையே இலிங்கம் என்று கொள்ளும் அண்ணாமலையில், அதே மேற்குப் புறத்தில் நிற்கிறது அடி அண்ணாமலைக் கோயில். அங்குள்ள இலிங்கத்தை நிறுவியவன் பிரமன் என்று தலவழக்கு கூறுகிறது. விளிம்பைப் புனைந்தவன் மலையுச்சியில் தன் இடத்தைக் கோரவில்லை. வலம் வரும் பாதையின் ஓரத்தில் இலிங்கம் நிறுவி வழிபட்டான். அப்பர் சொன்ன எளிய தொண்டை, தேடும்போது செய்யாததை, அவன் இங்கே செய்துவிட்டான் என்று கொள்ளலாம். அடைய முடியாதது என்று தெரிந்த பிறகும் வழிபாடு மிஞ்சுகிறது, முயற்சி மிஞ்சுகிறது. கழிந்துபோனது ஒப்பீடு மட்டுமே.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விளைவு உண்டு. என் தெய்வமே பெரியது, என் நெறியே முடியைத் தொட்டது, என் குருவே கண்டவர் என்று சமயத்தின் பெயரால் சொல்லப்படும் எந்தக் கூற்றுக்கும் ஒரு விளிம்பு தேவைப்படுகிறது. கண்டேன் என்று சாட்சி சொல்ல ஒரு தாழம்பூவும் தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட வெற்றிகள் உண்மையிலேயே கிடைத்திருந்தாலும், அவை அவரவர் வேலியிட்டுக்கொண்ட சிறு பகுதிக்குள் கிடைத்தவை. அந்த வேலியைக் கடவுளின் எல்லை என்று சொல்லத் தொடங்கும்போதுதான் சமயம் பகையாகிறது. இதற்கு எதிராக எல்லா நெறியும் ஒன்றே என்று மழுப்ப வேண்டியதில்லை. நெறிகளின் வேறுபாடு உண்மையானது, அவற்றைப் பற்றி வாதிடலாம், வாதிடவும் வேண்டும். அந்த வாதங்களில் ஒருவர் வெல்லலாம், தோற்கலாம், ஏனெனில் வாதத்துக்கு எல்லை உண்டு. கடவுளைப் பற்றி மட்டும் வென்றதாகச் சொல்லாதிருக்கும் நேர்மை சைவரிடமும் வைணவரிடமும் மற்ற எவரிடமும் ஒரே அளவில் எதிர்பார்க்கத்தக்கது. காணவில்லை என்று ஒப்புக்கொண்ட திருமாலை அண்ணாமலைக் கதை தாழ்த்தவில்லை. பக்தியின் முதல் தகுதியாக நாம் கேட்க வேண்டியது அந்த ஒப்புதலைத்தான்.